ஒரு மாணாக்கர்க்கு உரைத்த வரலாறு

கல்வி என்றவுடன் இக்காலத்தார் மனக்கண் முன் தோன்றுவது வகுப்பறையே. ஆசிரியர் ஒருவர் நின்று கற்பிக்க, முப்பது நாற்பது பிள்ளைகள் இருந்து கேட்கும் காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆயின், மனித குலத்தின் நீண்ட வரலாற்றை நோக்குமிடத்து, பிள்ளைகள் அனைவர்க்கும் வகுப்பறை என்னும் ஏற்பாடு அண்மைக் காலத்ததேயாகும். அதனினும் மிகப் பழமை வாய்ந்தது, ஆசிரியர் ஒருவர் மாணாக்கர் ஒருவரைத் தம்மெதிரே இருத்தி, அவர்தம் வயதும் அறிவும் இயல்பும் நோக்கிக் கற்பிக்கும் தனிப்போதனை முறையாகும்.

எழுத்தையும் எண்ணையும் இம்முறையிற் கற்பிப்பதில் இடர் அதிகம் இல்லை. கணக்கு ஒன்றின் விடை சரியோ பிழையோ என்பது ஆசிரியரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்ததன்று. வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட சமூகக் கல்வியோ அத்தன்மையதன்று. எந்த அரசனைப் புகழ்வது, எந்தப் போரை இகழ்வது, எந்த நாட்டை உலகின் நடுவில் வைத்துப் பார்ப்பது என்பனவற்றை எல்லாம் கற்பிப்பவரே தீர்மானிக்கின்றார். வகுப்பறையிலாயின் ஒரு மாணாக்கன் கேளாத வினாவை மற்றொருவன் கேட்பான். தனிப்போதனையிலோ பிள்ளையின் செவியில் விழுவது ஒரே குரல். எனவே, ஒரு பிள்ளைக்கு ஒருவர் தனித்து உலக வரலாற்றைக் கற்பித்தால் விளைவது யாது என்னும் வினா ஆராயத்தக்கது.

தனிப்போதனைகளுட் பெரும்பாலானவை பேச்சளவில் நிகழ்ந்து காற்றோடு கலந்தன. ஆயினும் ஒரு சில, நூல் வடிவில் எஞ்சி நம் கைக்கு எட்டியுள்ளன. அவற்றுள் இரண்டு பிரான்சு நாட்டு அரண்மனையிலும், ஒன்று இந்தியச் சிறைச்சாலையிலும் தோன்றின.

பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியின் மூத்த மகனுக்கு 1670 ஆம் ஆண்டிலே ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் போசுவே என்னும் ஆயர். நாவன்மையால் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த அவர், பத்தாண்டு காலம் இளவரசருக்குக் கற்பித்தார். அப்போதனையின் பயனாய் எழுந்து 1681 ஆம் ஆண்டில் வெளிவந்ததே 'உலக வரலாறு பற்றிய உரை' என்னும் நூல். உலகத் தோற்றந் தொடங்கிச் சார்லமேன் பேரரசன் காலம் வரை செல்லும் அந்நூல், பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் இறைவன் திருவுளப்படியே நிகழ்வன என்னும் கொள்கையை நிலைநாட்ட முயல்கின்றது. அரசனாகப் போகின்றவன் தனக்கு மேலும் ஓர் அரசன் உளன் என்பதை உணர்தல் வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம்.

அதே இளவரசரின் கல்வியை முன்னிட்டு இலத்தீன் இலக்கியங்கள் பல வரிசையாகப் பதிப்பிக்கப்பட்டன. இளைஞர்க்கு ஒவ்வாதன எனக் கருதப்பட்ட பகுதிகள் அவற்றுட் சிலவற்றினின்று நீக்கப்பட்டன. இதனால் 'இளவரசரின் பயன்பாட்டுக்கு' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர், நாளடைவிற் கத்தரிக்கப்பட்ட நூல் எதனையும் குறிப்பதாயிற்று.

இத்துணை முயற்சிக்கும் விளைந்த பயன் சிறிதே. இளவரசரின் கல்வி கண்டிப்பும் பிரம்படியும் நிறைந்ததாய் இருந்தது. வளர்ந்த பின் அவர் நூல்களை வெறுத்தார் என்றும், செய்தித்தாளில் இறப்பு, திருமணச் செய்திகளைத் தவிர வேறொன்றும் படித்திலர் என்றும் அக்காலத்தார் குறித்துள்ளனர். தந்தைக்கு முன்னரே 1711 ஆம் ஆண்டில் இறந்தமையால் அவர் அரியணை ஏறவுமில்லை. மாணாக்கர் மறந்த பாடத்தை ஐரோப்பா மறக்கவில்லை. போசுவேயின் நூல் பல தலைமுறையாகப் படிக்கப்பட்டு வந்தது.

அவ்விளவரசரின் மகனான பர்கண்டிக் கோமகன் 1682 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஏழு வயதில் அவர் பெனலோன் என்னும் குருவானவரிடம் ஒப்படைக்கப்பட்டார். சினம் மிக்க அப்பிள்ளையை அடித்துத் திருத்த முயலாது, கதை சொல்லித் திருத்த முயன்றார் பெனலோன். இறந்துபோன அரசரும் அறிஞரும் மறுவுலகிற் சந்தித்து வாதிடுவதாக உரையாடல்கள் புனைந்தார். கிரேக்கக் கதைத் தலைவன் ஒடிசியசின் மகன் தெலமாக்கசு தந்தையைத் தேடிச் செல்லும் பயணத்தை ஒரு நெடுங்கதையாக எழுதினார். இளைஞனாகிய தெலமாக்கசு நகரந்தோறும் செல்கின்றான். எந்நகரில் உழவர் நலமாக வாழ்கின்றனர், எந்நகரில் ஆடம்பரத்தால் மக்கள் நலிகின்றனர், போர் விரும்பும் அரசனால் விளையும் கேடு யாது என்பவற்றை நேரிற் காண்கின்றான். உடன் செல்லும் மெந்தோர் என்னும் முதியவர் விளக்கம் தருகின்றார். இன்று சமூகக் கல்வி என வழங்கும் பாடம், அங்கே பயணக் கதையின் உருவிற் கற்பிக்கப்பட்டது எனலாம்.

அந்நூல் 1699 ஆம் ஆண்டில் ஆசிரியரின் இசைவின்றி அச்சேறியது. போரும் பகட்டும் விரும்பிய பதினான்காம் லூயி அதனைத் தன் ஆட்சி மீதான கண்டனமாகக் கொண்டான். சமயக் கொள்கை பற்றிய பூசலால் ஏற்கனவே 1697 இல் அரண்மனையை விட்டு அகற்றப்பட்டிருந்த பெனலோன், ஆசிரியர் என்னும் பெயரையும் இழந்தார். அவருடைய மாணாக்கரோ ஆசிரியரை மறந்திலர். முன்கோபம் தணிந்து, குடிமக்கள் நலத்திற் கருத்தூன்றிய இளைஞராக அவர் வளர்ந்தார் என்பர். தந்தை இறந்தபின் பட்டத்துக்குரியவரான அவர் ஓராண்டும் நிறைவுறாமுன், 1712 ஆம் ஆண்டு, அம்மை நோயால் மாண்டார். ஒரு தனி மாணாக்கனை நம்பி ஒரு நாட்டின் எதிர்காலத்தைக் கட்ட முயலும் கல்வி எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மேற்கூறிய இருவரும் வருங்கால மன்னர்க்குக் கற்பித்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவிலே எழுந்த மூன்றாவது போதனை, மன்னராட்சியை ஏற்காத ஒருவர் தம் மகளுக்கு அளித்தது. அவர் ஜவஹர்லால் நேரு. அவர் ஆசிரியராய் அமைந்த விதத்தை அறிதற்கு, அவரே மாணாக்கராய் இருந்த காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

1889 ஆம் ஆண்டிற் பிறந்த நேரு, இங்கிலாந்து சென்று 1905 இல் ஹரோ பள்ளியிற் சேரும் வரை பெரிதும் வீட்டிலேயே தனிப்போதனை பெற்றவர். அவர்தம் வீட்டில் இருந்த முன்ஷி முபாரக் அலி என்னும் முதியவரின் குடும்பம் 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சீரழிந்தது. அம்முதியவர் சிறுவனை அருகிருத்தி, அராபியக் கதைகளோடு அக்கிளர்ச்சிக் காலத்து நிகழ்ச்சிகளையும் சொல்லி வந்தார். தாயும் பெரிய தாயும் இதிகாசக் கதைகளைச் சொல்லினர். பதினொரு வயதளவில் பேர்டினண்ட் புரூக்ஸ் என்பவர் ஆசிரியராக வந்தார். அன்னி பெசண்ட் அம்மையாரின் பரிந்துரையால் வந்த அவர் பிரம்மஞானக் கொள்கையில் ஈடுபாடு மிக்கவர். நூல் படிக்கும் சுவையை அவர் ஊட்டினார். வீட்டிலேயே சிறிய ஆய்வுகூடம் அமைத்து விஞ்ஞானத்தில் நாட்டம் உண்டாக்கினார். ஆசிரியரின் கொள்கையும் மாணாக்கரைப் பற்றிக்கொண்டது. பதின்மூன்று வயதிலேயே நேரு பிரம்மஞான சபையிற் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளின் பின் புரூக்ஸ் பிரிந்து சென்றதும், அக்கொள்கையும் விரைவில் நேருவை விட்டு அகன்றது. ஆயின் படிக்கும் பழக்கமும் விஞ்ஞான நாட்டமும் வாழ்நாள் முழுவதும் நிலைத்தன. தனி ஆசிரியர் ஊட்டும் முடிபுகள் உதிர்ந்து போகலாம். அவர் பழக்கும் பழக்கங்களே வேரூன்றும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1928 ஆம் ஆண்டுக் கோடையில் நேருவின் ஒரே மகள் இந்திரா இமயமலைச் சாரலில் உள்ள முசூரியில் இருந்தார். அவருக்கு அப்பொழுது பத்து வயது. தந்தை கீழே சமவெளியில், அலகாபாத்தில் இருந்தார். ஒன்றாய் இருக்கும்பொழுது மகள் கேட்கும் வினாக்களுக்கு வாயால் விடையிறுத்து வந்த தந்தை, பிரிந்திருந்த அக்கோடையிற் கடிதங்கள் வாயிலாக அப்பாடத்தைத் தொடர்ந்தார். 1929 இல் அவை சிறு நூலாக வெளிவந்தன. இந்தி நாவலாசிரியர் பிரேம்சந்த் அவற்றை இந்தியில் மொழிபெயர்த்தார்.

அக்கடிதங்களிற் கையாளப்பட்ட முறை ஆசிரியர் அனைவரும் நோக்கத்தக்கது. அரசர் பெயரோடும் ஆண்டுகளோடும் அவை தொடங்கவில்லை. வழியிற் கிடக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பார்க்கும்படி தந்தை கூறுகின்றார். பாறையினின்று உடைந்த கல் கூரிய விளிம்பு உடையதாய் இருக்கும்; இக்கல்லோ உருண்டு வழுவழுப்பாய் இருப்பது ஏன்? நீரோட்டம் அதனை உருட்டிச் சென்றதனால் அன்றோ? ஆகவே எழுத்துத் தோன்றுமுன் நிகழ்ந்தவற்றையும் கல்லும் மலையும் நமக்குச் சொல்லக்கூடும். இவ்வாறு கண்ணாற் காணும் ஒரு பொருளிலிருந்து காணவியலாத காலத்துக்குப் பிள்ளையின் சிந்தனை அழைத்துச் செல்லப்படுகின்றது.

குடியியலும் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றது. ஆதி மனிதர் கூட்டமாய் வாழ்ந்தனர். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கத் தலைவன் ஒருவன் வேண்டியிருந்தான். அவன் எல்லாரையும் போல் ஒருவனே. நாளடைவில் அவன் தான் வேலை செய்வதை விட்டான். பின் அவன் மகனே தலைவனானான். இறுதியிற் கூட்டத்தின் உடைமை யாவும் தன்னுடைமை எனக் கருதும் அரசனாயினான். மக்களால் அமர்த்தப்பட்டவன் மக்களுக்கு எசமானன் ஆன கதையைப் பத்து வயதுச் சிறுமிக்கு விளங்கும் வண்ணம் ஒரு சில பக்கங்களில் நேரு சொல்லிவிடுகின்றார். போசுவே மன்னனுக்கு இறைவனை நினைவூட்டினார். நேரு தம் மகளுக்கு, மன்னன் எவ்வாறு தோன்றினான் என்பதையே எடுத்துக் காட்டினார்.

இரண்டாவது கடித வரிசை 1930 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆந் திகதி, அலகாபாத்தை அடுத்த நைனிச் சிறையிலே தொடங்கியது. மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குச் சிறையிலிருந்து பொருள் எதுவும் அனுப்ப இயலாமையால், கடிதத்தையே பரிசாக்கினார் தந்தை. அதில் அவர் கூறிய அறிவுரைகளுள் ஒன்று பின்னர் நாம் நினைவுகூர வேண்டியதாகும். ஒரு செயல் நல்லதோ தீயதோ என்ற ஐயம் எழுந்தால், அதனை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டாகின்றதா எனத் தன்னையே கேட்டுப் பார்க்கும்படியும், ஒளிவு மறைவாக எதனையும் செய்யாதிருக்கும்படியும் அவர் மகளுக்குக் கூறினார்.

அக்காலத்தில் அம்மகளின் நிலை எளிதானதன்று. 1931 ஆம் ஆண்டு முதல் நாளன்று தாய் கமலாவும் கைதானார். பெப்ரவரி 6 ஆந் திகதி பாட்டனார் மோதிலால் நேரு காலமானார். பாடசாலைகள் பல மாறிய பிள்ளைக்கு நிலையான வகுப்பறை என ஒன்று அமையவில்லை. கடிதங்களும் எழுதியவுடன் ஒவ்வொன்றாகக் கைக்குக் கிட்டும் நிலையில் இருக்கவில்லை. ஆகவே இத்தனிப்போதனை ஒரு வகையில் மாணாக்கரில்லா வகுப்பாகவே நிகழ்ந்தது. மகளின் முகத்தைக் கற்பனையில் எதிரே இருத்தி, அவர் கேட்கக்கூடிய வினாக்களைத் தாமே கேட்டு, விடையும் எழுதினார் தந்தை.

அதே ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இப்பாடத்துக்கு ஓர் இடைவேளை ஏற்பட்டது. விடுதலை பெற்ற நேரு, மனைவியோடும் மகளோடும் ஓய்வுக்காக இலங்கை வந்தார். நுவரெலியாவில் அவர்கள் தங்கியிருந்தபொழுது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் பல மைல் தூரம் நடந்து வந்து, காட்டுப் பூக்களையும் மரக்கறிகளையும் வீட்டிற் கடைந்த வெண்ணெயையும் அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றனர். மொழி அறியாமையால் உரையாட இயலாது ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகை புரிந்ததைத் தம் சுயசரிதையில் நேரு எழுதியுள்ளார். அனுராதபுரத்திற் கண்ட, வீற்றிருக்கும் புத்தர் சிலை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டு தேராதூன் சிறையில் இருந்தபொழுது இலங்கை நண்பர் ஒருவர் அனுப்பிய அச்சிலையின் படத்தைத் தம் சிறு மேசை மீது வைத்திருந்தார். எனவே அச்சிறையில் எழுந்த கடிதங்கள் இலங்கைச் சிலையொன்றின் முன் எழுதப்பட்டவை எனக் கூறுதல் மிகையாகாது.

1931 இறுதியில் மீண்டும் சிறை புகுந்த நேரு, பரேலியிலும் தேராதூனிலும் இருந்து எழுதிய கடிதங்களோடு மொத்தம் 196 கடிதங்கள் ஆயின. இறுதிக் கடிதம் 1933 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆந் திகதியது. 1934 இல் வெளிவந்த அந்நூலைத் தமிழில் 'உலக சரித்திரம்' என்ற பெயரில் ஓ. வி. அளகேசன் மொழிபெயர்த்துள்ளார். நூலகம் இல்லாத இடத்திலே, கிடைத்த நூல்களையும் தாம் எழுதி வைத்த குறிப்பேடுகளையும் துணைக்கொண்டு எழுதப்பட்டமையால் அதிற் குறைகள் உள. ஆயினும் ஐரோப்பாவையே உலகமாகக் கொண்ட அக்காலப் பாடநூல்களுக்கு மாறாக, சீனமும் பாரசீகமும் தென்னிந்தியாவும் கடல் கடந்த கிழக்கு நாடுகளும் உரிய இடம் பெற்றமை அதன் சிறப்பாகும். ஆளப்படும் இனத்துப் பிள்ளை ஒருத்தி, ஆள்வோர் எழுதிய வரலாற்றிலிருந்து விடுபட்டு உலகைக் காண்பதற்கு அது வழி செய்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இப்போதனையின் பயன் யாது? பிரான்சு நாட்டு மாணாக்கர் இருவரும் ஆட்சிப் பீடம் ஏறாது மறைந்தனர். நேருவின் மாணாக்கரோ 1966 ஆம் ஆண்டில் இந்தியாவின் பிரதம மந்திரியானார். தலைவன் அரசனான கதையைப் பத்து வயதிற் படித்த அவர், 1975 ஆம் ஆண்டு யூன் 25 ஆந் திகதி இரவு நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்வித்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கை செய்யப்பட்டன. சிறையிலிருந்து ஒளிவு மறைவின்மையைப் போதித்த தந்தையின் கடிதத்தை அறிந்தோர்க்கு இது வியப்பையும் வருத்தத்தையும் தந்திருக்கும். எனினும் 1977 இல் அவரே தேர்தல் நடத்தித் தோல்வியடைந்து, மக்கள் தீர்ப்பை ஏற்றுப் பதவி விலகினார் என்பதையும் மறத்தலாகாது. முன்னதைக் கொண்டு கடிதங்கள் பயனற்றன என்றோ, பின்னதைக் கொண்டு அவை பயன்பட்டன என்றோ அறுதியிட்டுக் கூறுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. ஒரு மனிதரின் செயலை ஆக்குவது இளமையிற் கேட்ட பாடம் மட்டுமன்று.

இலங்கையருக்கு நெருங்கிய மற்றொரு சான்றும் உண்டு. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்தில் வாழ்ந்த நாடற்றோர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் செய்த ஒப்பந்தம் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்தது. 1931 இல் நுவரெலியா வீட்டு வாயிலிற் பூவும் வெண்ணெயும் கொண்டு நின்ற மக்களின் வழித்தோன்றல்கள் அவ்வெண்களுள் அடங்கியிருந்தனர். தம் வாழ்வு எந்நாட்டில் என்பதைப் பற்றி அவர்கள் கருத்து என்ன என்பது அவ்வகுத்தற் கணக்கில் இடம்பெறவில்லை. சிறுவயதில் முகம் பார்த்து அறிந்த மக்களும் ஆட்சிப் பீடத்திலிருந்து நோக்கும்போது எண்களாகிவிடக் கூடும் என்பது சமூகக் கல்வி கற்பிப்போர் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இவற்றால் தெளிவாவது யாதெனின், தனிப்போதனையின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலேயே உள்ளன என்பதாம். பிள்ளையை அறிந்த ஒருவர், அப்பிள்ளையின் வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். கூழாங்கல்லைக் காட்டிக் கால வெள்ளத்தை விளக்கலாம். அச்சமின்றி ஐயம் கேட்கும் பழக்கத்தை வளர்க்கலாம். வகுப்பறையில் இவை அரிது. ஆயின் எதிர்வாதம் செய்யும் மற்றொரு மாணாக்கன் அங்கே இல்லை. மாறுபட்ட கருத்துடையவனோடு கூடியிருந்து, அவன் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பயிற்சி குடியியலின் உயிர்நாடி. அப்பயிற்சியை எத்துணைச் சிறந்த ஆசிரியரும் தனித்து நின்று அளித்தல் இயலாது.

நேரு இக்குறையை அறியாதவர் அல்லர். தாம் எழுதியவற்றை எப்பொருள் பற்றியும் முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம் என்றும், அரசியல்வாதி தான் அறிந்ததினும் மிகுதியாக அறிந்தவன் போல் நடிப்பவன் ஆதலால் அவனை விழிப்போடு கவனித்தல் வேண்டும் என்றும் இறுதிக் கடிதத்தில் மகளுக்கு எழுதினார். ஒரே குரலாய் ஒலித்த ஆசிரியர், தம் குரலையே ஐயுறக் கற்பித்து விடைபெற்றார். 196 கடிதங்களிலும் மிகச் சிறந்த பாடம் இதுவெனக் கொள்ளலாம்.

இலங்கையில் இன்று தனிக் கல்வி என்ற பெயரில், ஒரு கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்து விடைகளை எழுதிக்கொள்ளும் வகுப்புக்கள் பெருகியுள்ளன. அவற்றிலே தனிப்போதனையின் அணுக்கமும் இல்லை. வகுப்பறையின் வாதமும் இல்லை. ஒற்றைக் குரல் மட்டுமே எஞ்சியுள்ளது. இரு முறைகளின் குறைகளும் சேர்ந்து, நிறைகள் நீங்கிய நிலை இது. வீட்டிலே ஒரு தந்தையோ தாயோ மூத்த மாணாக்கரோ ஒரு பிள்ளையை அருகிருத்தி, ஊர்க் குளத்தை வெட்டியவர் யார், இவ்வீதிக்கு இப்பெயர் வந்தது எவ்வாறு என வினவத் தொடங்கினாற் போதும். சமூகக் கல்வி அங்கே தொடங்கிவிடும். அப்பிள்ளை கண்ட விடையை மறுநாள் வகுப்பறையிற் பிற பிள்ளைகள் முன் வைத்து, அவர்கள் மறுப்பதையும் கேட்டு வருமாயின் அக்கல்வி நிறைவுறும். ஒருவருக்கென எழுதப்பட்ட மூன்று நூல்களும் பலர் கையில் வந்து வாதத்துக்கு உள்ளான பின்னரே வாழ்வு பெற்றன என்பது இதற்குப் போதிய சான்றாகும்.